உள்ளாளும் வெளியாளும்

எங்கள் வீட்டில் யாராவது எங்காவது போகலாம் என்று வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுக்காரர் உடனே தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதுதான் நடந்தது. காலேஜ் லீவில் வந்திருந்த மகள் வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டே அறிவித்தாள்.

"அணைக்குப் போறோம். ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தங்கறோம். ட்ரவுட் மீன் பிடிக்கறோம். அனுமதிச் சீட்டுகூட வாங்கிட்டேன். மாமாவையும் சேத்து, நாலு பேருக்கு."

இவளுக்கு நாங்கள் ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்தோம். அதைச் சொல்லி ஸ்கூல் வாத்தியார்களைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"மூணு பேருக்குன்னு சொல்லு" என்றார் அவள் அப்பா, விரலை எடுக்காமலே. "நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு டீயை ஆற்றினேன். கத்திக் கத்திப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தேன்.

இவர் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். இந்த ஊரில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கியவர்கள். தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் "வணக்கம் மாஸ்டர்" என்பார்கள். நல்லா இருந்த மனுஷர்தான். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மருந்து, பத்தியம் எல்லாம் ஆனது. கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் முதுகில் தட்டி, "இனி நீங்க மலையே ஏறலாம் மாஸ்டர்" என்று சொல்லி அனுப்பினார். இவர் ஏறியது எங்கள் வீட்டு மாடிப்படி மட்டும்தான். ஏறிப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பாடம் நடத்தப் போவதில்லை, கல்யாணம் காட்சி என்று எதற்கும் வருவதில்லை. சாயங்காலம் தெருமுனை வரை நடை, மறுபடியும் நாற்காலி. பக்கத்து சீட்டிலும் பிரேக் வைத்த அவருடைய கார், கீழே நான் தைத்துப் போட்ட உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு முன்னால் எப்படி இருந்தார் தெரியுமா? ட்ரவுட் பருவம் திறந்துவிட்டால் இவரைப் பிடித்து வைக்க முடியாது. ஈரக் காலுறையோடு வந்து படுக்கையில் உட்கார்ந்து, தப்பித்துப்போன மீனின் நீளத்தைக் கையை விரித்து விரித்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் கை அகலமாகிக்கொண்டே போகும். எனக்கு மீனும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். கையை விரித்துப் பொய் சொல்லும் அந்த மனுஷர் எனக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பயணத்துக்கும் அவர் வரவில்லை என்றால் இனி எதற்குமே வரமாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் தம்பி படியேறி வந்தான். கீழே இருக்கும் தார்பாய்க் கடை எனக்கும் அவனுக்கும் சேர்ந்து. லாரிக்கு மேல் மூடுகிற தார்பாய், கடை முகப்புக்கு மறைப்பு, மிஷின் உறை, எதுவானாலும் நாங்கள் வெட்டித் தைப்போம். ஆள் ஒல்லி, தொழிலும் அது, அதனால் ஊர் அவனுக்கு ஊசி என்று பெயர் வைத்துவிட்டது. அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது, கேட்டால் அவனே சொல்லுவான்.

"மீன் பிடிக்கிறதெல்லாம் ஒரு வித்தையா அக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "நல்ல மத்தியானத்துல போய் உக்காருவோம். ரொட்டிய உருட்டிப் போடுவோம். சத்தமா ஒரு பாட்டு வெச்சா, என்ன ஏதுன்னு பாக்க மீன் தன்னால மேல வரும்."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது.

"என்ன மாமா, வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது. ட்ரவுட் என்ன உன் சொந்தக்காரனா, பாட்டுக் கேட்டுட்டு எட்டிப் பாக்க? கரையில ஒரு நிழல் விழுந்தாலே அது அந்தக் கோடிக்குப் போயிரும்யா."

வாலு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். கெட்டிக்காரி, என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா? நானும் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நல்ல வெயில்ல போகலாம், தண்ணி சூடா இருந்தா மீனுக்கு சுகமா இருக்கும்" என்றேன்.

"ஐயோ!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அதுக்குச் சூடே ஆகாது. வெயில் ஏறினா அடியாழத்துக்குப் போயிரும். விடியற நேரத்துக்குக் கரையில இருக்கணும். ஓடை வந்து ஏரியில விழுற இடம் இருக்கு பாரு, அங்க தண்ணி ஜில்லுனு இருக்கும், அங்க நிக்கும். பின்னால நின்னு, குனிஞ்சு, ஓடைக்கு மேல தூண்டில எறிஞ்சு, தண்ணியோட போக்குல விடணும். நீங்க போய் அணைச் சுவருக்குப் பக்கத்துல நின்னு ரொட்டி போடுங்க, தவளைதான் வரும்."

"எந்த முள்ளுப்பா போடணும்?" என்று வாலு அப்பாவியாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். முள், நூல், புழு, மேகம் போட்ட நாள், காற்று அடிக்கும் திசை என்று மனுஷர் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டு மேஜைதான் ஏரி, உப்பு ஜாடிதான் அணை, என் சேலை முந்தானைதான் ஓடை. ஊசி வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் கேட்டான். உண்மையில் வேண்டுமென்றே இல்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணிக்கட்டை அவர் மறந்தே போனார். நான் மேஜைக்குக் கீழே மகளின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஆச்சு, விழுந்துட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் சட்டென்று முந்தானையை விட்டார். "எப்படியோ, பாத்துப் போயிட்டு வாங்க. நான் வரல" என்றார். மறுபடியும் ஜன்னல், மறுபடியும் மணிக்கட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ டம்ளர் தப்பித்ததே பெரிய விஷயம்.

கூடாரம் வாடகைக்கு எடுக்கலாம் என்று வாலு சொன்னபோது அந்த ஆத்திரமெல்லாம் அவள் தலையில் விழுந்தது. "தார்பாய்க்காரி வாடகைக் கூடாரத்துல படுக்கறதா? ஊர் சிரிக்கும்டி" என்றேன். ஊசியும் மார்பைத் தட்டிக்கொண்டான். அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகும். லாரிக்கு நாங்கள் போட்ட மூடியில் இன்று வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதில்லை. எந்த டிரைவரையும் கேட்டுக்கொள்ளலாம்.

நல்ல பச்சைக் கித்தானாக எடுத்தேன். நான் அளந்தேன், ஊசி வெட்டினான், மிஷினில் மாறி மாறி உட்கார்ந்தோம். மேலே கூரைக்கு அடியில் காற்று வர வலை வைத்தோம். கீழே தடிமனான விரிப்பு. விரிப்பையும் சுவரையும் சுற்றிலும் சேர்த்துத் தைத்துவிட்டால் மழை நின்று கொட்டினாலும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் வராது, எறும்பு நுழையாது. எத்தனை பேர் படுக்கிற அளவு என்று ஊசி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கடைசித் தையல் மட்டும் மிஷினுக்கு அடங்காது. அத்தனை மடிப்புக் கனம். அதைக் கையால்தான் போட வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் கடையில் அதற்கு உள்ளாள், வெளியாள் என்று சொல்லுவோம். வெளியாள் கோணி ஊசியை உள்ளே குத்துவார். உள்ளாள் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு விரற்கடை தள்ளித் திருப்பிக் குத்தி அனுப்புவார். வழக்கமாக உள்ளாள் என் தம்பிதான். கம்பி போல இருப்பதால் எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கிற முற்றத்தில் குழாய்களை நட்டுக் கூடாரத்தை நிமிர்த்தினோம். கீழ்த் தையல் ஆரம்பிக்கக்கூட இல்லை, அதற்குள் ஊசி தன் கட்டைவிரலிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டான். அவன் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. வாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைக் கட்டுப்போடக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க! கீழ வாங்க. உள்ள ஆள் இல்ல."

"எனக்கு மூச்சு வாங்கும்."

"உக்காந்துகிட்டு ஊசியத் திருப்பித் தள்ளறதுக்கு மூச்சு எதுக்கு? வராதவரு இதையாவது செய்யக் கூடாதா? பெத்த பொண்ணு நனைஞ்சா பரவாயில்லையா?"

கடைசிக் கேள்வி வேலை செய்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கி வந்தார். ஊசியைத் தள்ளும்போது குத்தாமலிருக்க உள்ளங்கைக்குத் தோல் பட்டையை மாட்டிவிட்டேன். தைக்காத ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன். முனகிக்கொண்டே நுழைந்தார்.

"யம்மா, என்ன இவ்வளவு பெருசா இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேசாம ஊசியப் பாருங்க. தச்சு முடிச்சா எறும்பு நுழையாது."

ஆரம்பத்தில் பெரிய கூத்து. நான் குத்தினால் அவர் இழுக்கமாட்டார். அவர் குத்தினால் நேராக என் விரலுக்கு வரும். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" "உள்ளதான் இருக்கு, எல்லாம் பச்சையாத் தெரியுது!" "ரெண்டு விரற்கடைன்னா ரெண்டு விரற்கடை, ஒரு முழம் இல்ல." "இத்தனை வருஷமா நான் அடுத்தவங்களத் திட்டினேன், இப்ப அனுபவிக்கிறேன்." அப்படியே ஒரு பக்கம் முடிந்தது. போகப் போகக் கை பழகிவிட்டது. ஊசி போகும், நூல் இறுகும், ஊசி வரும். நான் குந்தியபடியே வெளியே நகர, அவர் உள்ளே நகர்ந்தார். வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்திருந்தது. பேச்சில்லாமல் இரண்டு பேரும் ஒரு வேலையைச் செய்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

மூன்றாவது பக்கம் பாதியில் ஊசி உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

"என்னங்க?"

கித்தானில் காதை வைத்தேன். "என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல, இல்ல" என்றார். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. முகத்துக்கு முகம் பார்க்க முடியாமல் நடுவில் ஒரு கித்தான் இருந்ததாலோ என்னவோ, ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாளும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

"அன்னைக்கு வண்டி ஓட்டினது ஒரு சின்னப் பொண்ணு. நம்ம வாலு வயசு இருக்கும். எனக்கு நெஞ்சு அடைச்சதும் என் மூஞ்சியப் பாத்தா. பாத்ததும் ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையாலயும் கண்ண மூடிக்கிட்டா. அழுகையான அழுகை. வண்டி அது பாட்டுக்குப் போகுது. என் பக்கம் பிரேக் இருந்துது, மிதிச்சேன், நின்னுது. எனக்கு நெஞ்சு வலிச்சது ஞாபகமே இல்ல. அந்தப் பொண்ணு மூஞ்சிதான் ஞாபகம் இருக்கு. ஏரிக்கரையில எனக்கு ஒண்ணு ஆனா, வாலு மூஞ்சியும் அப்படித்தான் ஆகும். அங்க யாரு பிரேக் போடுவா?"

இவ்வளவு நாளும் மனுஷர் சாவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், அது என் பிறவிக் குணம்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட எத்தனை நாள் படிச்சா?"

"ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ."

"நம்மவ பிறந்ததுல இருந்து உங்ககிட்ட படிக்கிறா. உங்களுக்கு ஒண்ணு ஆனா அவ அழுவாதான், இல்லேங்கல. மூக்கச் சிந்திக்கிட்டே உங்களைத் தூக்கி வண்டியில போட்டு, மூக்கச் சிந்திக்கிட்டே ஓட்டி, கியர் ஒண்ணுகூடத் தப்பாப் போடாம ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவா. நீங்க வளத்த பொண்ணு ஸ்டியரிங்க விடமாட்டா. நானும் விடமாட்டேன். எங்களை என்னன்னு நினைச்சீங்க நீங்க?"

நான் கித்தானில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஊசி வந்தது. நேராக, சரியாக இரண்டு விரற்கடை தள்ளி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலை இழுத்தேன். மேற்கொண்டு நாங்கள் அதைப் பேசவில்லை. பேசியதெல்லாம் மகளைப் பற்றி, அவள் சின்ன வயதில் வாளியில் இருந்த மீனுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியதைப் பற்றி. அவர் ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை, நடுவில் ஊசி. எப்போது மூன்றாம் பக்கம் முடிந்தது, எப்போது நான்காம் பக்கம் முடிந்தது என்றே தெரியவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். என்ன அழகு! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"ஆச்சுங்க! வெளிய வாங்க" என்றேன்.

"எப்படி?"

"எப்படின்னா? வந்த மாதிரிதான்."

"வந்த வழியத்தான் நம்ம ரெண்டு பேரும் தச்சுட்டோமே."

கூடாரத்தை மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றினேன். இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். வாசல் இல்லை. அட, அளக்கும்போதும் இல்லை, வெட்டும்போதும் இல்லை! வாழ்க்கை முழுக்க மூடுகிற வேலையே செய்த கைகள். நாங்கள் மூடி வைக்கிற சரக்கு எதுவும் காலையில் எழுந்து பல் தேய்க்க வெளியே வந்ததில்லை. வாசல் என்று ஒன்று வேண்டும் என்பது அக்காவுக்கும் உறைக்கவில்லை, எல்லாம் தெரிந்த தம்பிக்கும் உறைக்கவில்லை.

உள்ளே இருப்பது நெஞ்சைக் கிழித்துத் தைத்த மனுஷர். தெருமுனையைத் தாண்டவே பயப்படுகிறவரைச் சாக்கில் போட்டுக் கட்டுவது போலக் கட்டிவிட்டேனே! "பயப்படாதீங்க, பயப்படாதீங்க, இதோ கத்தி எடுத்துட்டேன்" என்று நான்தான் பயத்தில் உளறினேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு விக்கல் என்று நினைத்தேன். சிரிப்பு. மனுஷர் சிரிக்கிறார்! கித்தான் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "எறும்பு நுழையாதுன்னு சொன்னியே" என்று சொல்வார், பாதியில் மறுபடியும் சிரிப்பு வந்துவிடும். எனக்கும் தொற்றிக்கொண்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தில் சப்பென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் வாலுவும் ஊசியும் திரும்பி வந்தார்கள். ஊசியின் கட்டைவிரலில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டு.

"அம்மா, கூடாரம் ஏன் சிரிக்குது?" என்றாள் வாலு.

"உங்கப்பா உள்ள இருக்காரு. வாசல் வைக்க மறந்துட்டோம்."

ஊசி கூடாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அசடு வழிந்தான். "அதான் அக்கா, ஏதோ ஒண்ணு குறையுதேன்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றான். அவன் வாயை அடைக்க உலகத்தில் தார்பாய் கிடையாது. "நகருங்க, நான் வெட்டறேன்."

"யாரும் வெட்டாதீங்க!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. பாடம் நடத்துகிற குரல். எங்கள் மூன்று பேருக்கும் தன்னால் முதுகு நிமிர்ந்தது. "கண்ட இடத்துல வாசல் வெச்சா எப்படி? அங்க காத்து அணைப் பக்கம் இருந்து அடிக்கும். அந்தப் பக்கம் வாசல் வேண்டாம். வாலு, ஏரி இந்தப் பக்கம்னு வெச்சுக்க."

கித்தானில் உள்ளிருந்து ஒரு கை தட்டியது.

"ஏரியப் பாத்தும் வேண்டாம். ஆள் எந்திரிச்சு வர்ற நிழல் நேரா தண்ணியில விழும். இதோ, இந்த மூலையில வை. உயரம் கம்மியா இருக்கட்டும், குனிஞ்சு வர்ற மாதிரி."

மூலையில் கை தட்டியது. நான் சாக்கட்டியால் அந்த இடத்தில் கோடு போட்டேன்.

"எத்தனை பேருக்குடி தச்ச இதை?" என்றார் என்னிடம்.

"நாலு பேருக்கு."

"நான்தான் வரலேன்னு சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க. நான் காதுல போட்டுக்கல."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். "சரி. வாசல் பக்கத்துல நான் படுத்துக்கறேன். விடியறதுக்கு முன்னால நான்தான் எந்திரிக்கணும், யாரையும் மிதிக்காம வெளிய போகணும் பாரு. மாப்ள அந்தக் கோடியில படுக்கட்டும், குறட்டை விடுவான்."

வாலு என் தோளைப் பிடித்துக்கொண்டாள், விரல் எலும்பில் பதிந்தது. "அப்பா" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. அவள் முகம் கோணி, கண்ணீர் மூக்கு வரை இறங்கிவிட்டது.

"யாரு, வாலுவா? அழறியா?"

"ஆமாம்பா."

"அழு, பரவாயில்ல. அழுதுகிட்டே வெட்டு பாக்கலாம். கத்தி அந்தக் கோட்ட விட்டு நகரக் கூடாது."

நான் கத்தியை அவள் கையில் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கண்ணை மூடாமல், சாக்கட்டிக் கோட்டின் மேலேயே நேராக வெட்டிக்கொண்டு போனாள்.